தண்ணீர்க் கூட்டத்தில் ஒரு கேள்வி

தூத்துக்குடி,
20.5.1976

அன்புள்ள அத்தானுக்கு,

எமர்ஜென்சி என்று சொல்லி உப்பளத் தொழிலாளர் சங்கத்திலிருந்து உங்களைப் போலீஸ் கொண்டுபோய் மூன்று மாதமாகிறது. எந்த ஜெயில் என்று யாரும் சொல்லவில்லை. நம் சின்ன மகள் நன்றாக இருக்கிறாள். முன்போலப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

நேற்று நகராட்சி மண்டபத்தில் குடிதண்ணீர்க் கூட்டம். குறைகளைச் சொல்லலாம் என்றார் அதிகாரி. நான் எழுந்து, “எங்க வீட்டுக்காரரு எங்கன இருக்காரு?” என்று கேட்டுவிட்டேன்.

“இது தண்ணிக் கூட்டம், உட்காரும்மா.”

பயத்தில் இத்தனை நாள் என் முகம் பார்க்காத பக்கத்து வீட்டுக்காரி எழுந்தாள். “மொதல்ல அவளுக்குப் பதில் சொல்லுங்கய்யா, பொறவு தண்ணி” என்றாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

அதிகாரி கூட்டத்தை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆனால் இந்தக் கடிதத்தை நான்கு பிரதி எழுதியிருக்கிறேன். நாளை நாலு பெண்கள் ஆளுக்கொரு ஜெயில் வாசலுக்குக் கொண்டு போகிறார்கள்.

உங்கள் கைக்குக் கிடைத்தால், கொண்டுவந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் மனைவி