412 சோதனைகளும் பச்சை

நாள் 61, 10:05
நிலவின் தென்முனை நிலையம். எழுதுபவள் சண்முகவடிவு, நிரலாளர். இங்கே இரண்டே பேர்: நானும் பொறியாளர் மிக்கேலும். காற்றறைக்கான புது நிரலை இன்று ஏற்றினேன். வெளியே போனவர் திரும்பி வந்து வெளிக்கதவை மூடியதும் காற்றறையில் காற்று நிரம்பும், பிறகு உள்கதவு திறக்கும். சோதனைகள் 412. எல்லாம் பச்சை. பச்சை விழுந்தால் பாயசம் என்பது எங்கள் வழக்கம். பொட்டலத்தைச் சுடுநீரில் போட்டாயிற்று.

நாள் 61, 11:20
வெளியே போய்த் திரும்பிய மிக்கேல் காற்றறைக்குள் மாட்டிக்கொண்டான். வெளிக்கதவு பூட்டிக்கொண்டது, காற்று வரவில்லை, உள்கதவு அசையவில்லை.

மிக்கேல்: "எக்கா, கதவு தொறக்க மாட்டேங்குதே. எல்லாம் பச்சன்னு நீங்கதான சொன்னிய?"

அவன் உடையில் நாற்பது நிமிடக் காற்று. கையால் திறக்கும் விசை போன வாரமே முறிந்துவிட்டது. பழைய நிரலை ஏற்றியும் பயனில்லை: கதவில் புதிதாகப் பொருத்திய மோட்டாரை ஓட்ட அதற்குத் தெரியாது.

நாள் 61, 11:33
கெட்டது குடி! தப்பு என்னுடையது. ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் கணினிக்குள் காலியான மாதிரிக் காற்றறை ஒன்றைப் புதிதாகக் கட்ட வேண்டும். நேரம் மிச்சம் என்று நான் ஒரே அறையைத் தொடக்கத்தில் கட்டி, 412க்கும் அதையே கொடுத்தேன். பதினேழாவது சோதனை தன் தேவைக்குத் தானே அதில் காற்றை நிரப்பிவிட்டுப் போனது. பதினெட்டாவது, ஏற்கெனவே காற்று இருந்ததால் கதவைத் திறந்து பச்சை காட்டியது. காற்றை நிரப்பும் கட்டளையை நிரலில் நான் எழுதவே இல்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

நாள் 61, 11:46
சோதனைக்கு ஒரு புது அறை என்று மாற்றினேன். பதினெட்டாவது சிவப்பு. கட்டளையை எழுதினேன். எல்லாம் பச்சை.

மிக்கேல்: "எக்கா, மூச்சு வாங்குது. சீக்கிரம் பாருங்களேன்."

நான்: "இந்தா ஆச்சுல. பேசாம இரி, காத்த மிச்சம் பிடி."

நாள் 61, 11:54
ஏற்றப் போனவள் நின்றுவிட்டேன். அந்தக் காற்று என் கட்டுப்பாட்டு அறையிலிருந்துதான் ஒரு வால்வு வழியாகப் போகிறது. அவன் உள்ளே வந்ததும் காற்றறையில் மிஞ்சியதை நிரல் வெளியே விட்டுவிடும். அதற்குள் வால்வு மூட வேண்டும், இல்லையென்றால் என் அறைக் காற்றும் சேர்ந்து வெளியே போகும். மூடுமா? அதற்குச் சோதனையே இல்லை. எழுதிப் பார்க்கப் பத்து நிமிடம். என் விண்ணுடை அணியப் பன்னிரண்டு. அவனிடம் ஆறு. பயமாக இருக்கிறது.

ஏற்றுகிறேன்.

நாள் 61, 11:59
காற்று நிரம்பியது. உள்கதவு திறந்தது. மிக்கேல் காற்றறைக்கு அடுத்த கிடங்கறைக்குள் விழுந்தான். உயிரோடிருக்கிறான். அழுதுவிட்டேன்.

நாள் 61, 12:01
வால்வு மூடவில்லை; கையால் மூட அதில் பிடியும் இல்லை. என் அறைக் காற்று 81 விழுக்காடு. அழுத்தம் குறைந்ததும் என் அறைக்கதவு தானே பூட்டிக்கொண்டது.

மிக்கேல்: "எக்கா, கதவ தொறங்க! நான் இங்கதான் நிக்கேன், தொறங்க!"

நான்: "தொறக்காதல. தொறந்தா உன் காத்தும் போயிரும்."

நாள் 61, 12:03
58. இதைப் படிப்பவர் முதலில் 413ஆவது சோதனையை எழுதுங்கள். புது அறை. உள்ளே ஒருவர் வந்தாயிற்று. வால்வு மூடியிருக்க வேண்டும். நான் பாதி எழுதி

31. மிக்கேலு, கதவைத் தட்டாதே. போய் உட்கா