திலகத்தின் வலது கால்

புக்கிட் செலம்பாவ்
மாசி மாதம், 1938

அன்புள்ள மகன் முத்துக்குமாருவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கூச்சிங்கில் நீ காய்ச்சல், தலையிடி ஒன்றும் இல்லாமல் வேலைக்குப் போய்வர நல்லூர்க் கந்தன் துணையிருக்க வேண்டும். இங்கே அப்பா தோட்டத்து ஆபீஸ் வேலையோடு இருக்கிறார், எனக்கும் குறை ஒன்றுமில்லை. உன் மனைவியைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது. பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தபோது அப்பா உனக்குத் தந்தி கொடுத்தார், தாய்க்கு ஆபத்தில்லை என்றும் அதில் இருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்பது சரி, மற்றதெல்லாம் அதில் இல்லை. தாய் ஒருத்தி மகனுக்கு எழுதக் கூச்சப்படும் சங்கதிகள் இந்தக் கடிதத்தில் வரும். அப்பா வாய் திறக்கமாட்டார், திலகமும் எழுதமாட்டாள், ஆகையால் நான் எழுதுகிறேன், நீ ஓரிடத்தில் இருந்து கடைசிவரை வாசி.

நோவு தொடங்கிய அன்று ஆறு பெருகி ரோட்டை மூடிவிட்டது, அலோர் ஸ்டாருக்குக் கொண்டுபோக வழியில்லை. பிள்ளையின் தலை வெகுநேரம் இறங்காமல் சிக்கிக்கொண்டு நின்றது. எல்லாம் முடிந்து அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பியபோது வலது கால் பாதம் ஈரத்துணிபோல் தொங்கியது, ஊன்றப் பார்த்து நிலத்தில் விழுந்தாள். அதைவிடப் பெரிய வேதனை, சலத்தை அடக்க அவளால் முடியவில்லை. இருமினால், திரும்பிப் படுத்தால், சீலை நனைந்துவிடும். சலம் மணக்கிறது என்று யாரையும் பக்கத்தில் விடமாட்டாள். நான் பிள்ளைப்பேற்று மருந்துக் காயம் அரைத்துக் கொடுத்தேன், வயிற்றை இறுக்கிக் கட்டினேன், படுத்திருந்தால் தேறிவிடும் என்று இங்குள்ள பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். அவள் தேறவில்லை. சலம் போகாமல் இருக்கவென்று தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள், உதடு வெடித்து, கண் உள்ளே போய், கூப்பிட்டால் பேச்சில்லை. ஒருநாள் நான் உடம்பு துடைத்துவிடும்போது, மாமி, பிள்ளையோடை நானும் போயிருந்தா உங்களுக்குக் கரைச்சல் இல்லை என்றாள். அன்று அப்பா தோட்டத்து வண்டியைக் கேட்டு வாங்கி அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே டாக்டர் பார்த்துவிட்டு, இதற்கு மருந்தும் இல்லை கத்தியும் இல்லை, தேகப் பயிற்சிதான் என்று சொல்லி, அதற்கென்றே படித்துவந்த நர்ஸ் ஒருத்தியிடம் அனுப்பினார். பெயர் பரஞ்சோதி, நம்முடைய ஆட்கள்தான், வேதக்காரர். அவள் திலகத்தின் காலை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, பிள்ளை, இது உங்கட குற்றமில்லை, தலை அமத்தினதிலை நரம்பு நசிஞ்சுபோச்சு, எவ்வளவு திரும்பும் எண்டு நான் வாக்குத் தரமாட்டன், ஆனா சும்மா கிடந்தா இருக்கிற பெலனும் போயிடும் என்றாள். சலப்பை தாங்கும் தசையும் பிரசவத்தில் இழுபட்டுத் தளர்ந்துவிடுமாம். சலத்தை அடக்குவதுபோல உள்ளே இழுத்துப் பிடித்து, மெல்ல விட்டு, மூச்சை அடைக்காமல் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். தண்ணீரைக் குறைக்கவே கூடாது. பாதம் கீழே தொங்கி அப்படியே இறுகிவிடாமல் பலகை வைத்துக் கட்டவேண்டும், கணுக்காலை நான் கையால் மேலும் கீழும் அசைத்துவிட வேண்டும். இதெல்லாம் அவள் சொல்லித்தந்தது. பலகையைத் தோட்டத்துத் தச்சன் செய்துகொடுத்தான்.

வீட்டுக்கு வந்து செய்யத் தொடங்கினோம். லேசான வேலை என்று நினைக்காதே. ஒன்றும் அசைவதில்லை, அசையாத காலைப் பார்த்துப் பார்த்து அவள் அழுவாள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் மருதம்மாள் பின்னேரங்களில் எனக்கு உதவிக்கு வருபவள், ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, எனக்கும் அடி இறங்கித்தாம்மா இருக்கு, புள்ள பெத்தா இப்படித்தான்னு இருந்துட்டேன், யாரும் ஒண்ணும் சொல்லலையே என்றாள். திலகம்தான் படுத்தபடியே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை பிறந்தபின் அவள் வாய்விட்டுப் பேசியது அப்போதுதான். ஆனால் மருதம்மாள் விடிந்தால் பால்வாளி இரண்டையும் காண்டாத் தடியின் இரு முனையிலும் மாட்டித் தோளில் சுமக்கிறவள், என்ன பயிற்சி செய்து என்ன. புல்லு வெட்டும் வேலைக்கு மாற்றச் சொல்லி அப்பா கேட்டார், துரை சம்மதிக்கவில்லை. போன கிழமை மரத்தடியிலேயே அவளுக்குக் கருப்பை முழுதும் வெளியே வந்துவிட்டது. லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், இன்னும் ஒரு செய்தியும் இல்லை.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். தைப்பொங்கல் கழிந்து ஜித்ராவிலிருந்து உன் இராசம்மா மாமி வந்தாள். திலகம் படுத்திருந்த அறை வாசலில் நின்றுகொண்டே, நொண்டியை வைச்சுக்கொண்டு தம்பி என்ன செய்யிறது மச்சாள், ஊரிலை கலியாணத்துக்கு ஒரு பிள்ளை இருக்கு, தம்பிக்கும் எழுதிக் கேட்டனான், பெரியாக்கள் பாத்துச் செய்யுங்கோ எண்டு எழுதியிருக்கிறான் என்றாள். நான் அவளை அன்றைய பஸ்ஸிலேயே அனுப்பிவைத்தேன். உன் அப்பா தன் தங்கைக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நீ அப்படி எழுதினாயா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. திலகம் நம்பிவிட்டாள். பலகையை அவிழ்த்து எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தவள், நான் காலைத் தொட்டாலும் இழுத்துக்கொண்டாள். பரஞ்சோதியிடம் கொண்டுபோகும் நாளும் தப்பிப்போனது. கெஞ்சினேன், ஏசினேன், ஒன்றுக்கும் மசியவில்லை. பிறகு ஒரு காலை நான் அடுப்படியில் நிற்கிறேன், பலகையைக் கட்டி விடுங்கோ மாமி என்று குரல் கேட்டது. போனேன். அவருக்காக இல்லை, எனக்குக் கிணத்தடிக்குத் தனிய நடக்கவேணும், என்ரை சீலையை நானே தோய்க்கவேணும் என்றாள். நான் பலகையை எடுத்துக் கட்டிவிட்டேன்.

இன்றைக்குத் தடியூன்றி முற்றத்தில் நடக்கிறாள். பெருவிரல் சற்று மேலே எழும்புகிறது, பாதம் இழுபடுகிறது, இழுபட்டபடியே இருக்கலாம் என்று பரஞ்சோதி சொல்கிறாள். சலம் பெரும்பாலும் அடங்குகிறது, இருமும்போது மட்டும் அடங்குவதில்லை. இன்னொரு பிள்ளை என்றால் வெகுநாள் செல்லவேண்டும், அதுவும் ஆஸ்பத்திரியில்தான். பழைய திலகத்தை நான் உனக்குத் திருப்பித் தருவேன் என்று நினைத்துக்கொண்டு இராதே.

அங்கே கொதித்தாறிய தண்ணீரே குடி, மழையில் நனைந்துகொண்டு திரியாதே. திலகத்தின் பெயருக்கு ஒரு கடிதம் எழுது, அப்பாவின் கடிதத்து மூலையில் விசாரித்தேன் என்று ஒரு வரி போடாதே. லீவு கிடைத்தால் உன் மனைவியைப் பார்க்க வா. வேறு பெண் பார்க்க வருகிற எண்ணம் இருந்தால் ஜித்ராவோடு நின்றுகொள், இந்த வீட்டில் உனக்கு இலை போடமாட்டேன், திலகம் எங்கள் மகளாக இங்கே இருப்பாள். பெற்றவளுக்குச் சபிக்க வாய் வராது. நீ நோய் நொடியின்றி நெடுங்காலம் இரு, நல்ல மனத்தோடும் இரு.

உன் அம்மா,
வ. சிவபாக்கியம்