மூன்று கம்பியும் மிளகாய்க் கொல்லையும்

12-6-2006
இன்றும் கொல்லைக்குப் போய்ச் சேரவில்லை. பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன், திரும்பிவிட்டேன். உட்கார்ந்திருந்தபோது நாகலெட்சுமி குடத்தோடு எதிரே வந்தாள். சட்டென்று எழுந்து நின்றேன். அதற்குள் பார்த்திருப்பாள். அவள் கண்ணுக்கு எது தப்பியிருக்கிறது?
காலை விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கிறது.

18-6-2006
பூமிநாதன் இராமநாதபுரத்திலிருந்து வந்தான். கறி எடுத்து வந்தான். மகன் கறியோடு வந்தாலே ஏதோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம்.
"ஆத்தா, இந்த வருசத்தோட போதும். கொல்லையத் தவசிகிட்ட குத்தகைக்கு விட்டுட்டு எங்ககூட வந்துரு."
"எந்தத் தவசி?"
"தெரியாத மாதிரிக் கேக்குறியே. பெரியம்மா மகன்."
பெரியம்மா! என் ஓரகத்தி நாகலெட்சுமியை என் முன்னாலேயே அப்படிச் சொல்கிறான். சோற்றில் கையைக் கழுவிவிட்டேன்.

19-6-2006
கோபம் இன்னும் ஆறவில்லை. எழுதினால் ஆறுமா பார்ப்போம்.
முப்பது வருசத்துக்கு முன்னால் அண்ணன் தம்பி பாகம் பிரித்தது இதே ஆனி மாதம். ஊருணிக் கொல்லை ஒன்று, மேட்டுக் கொல்லை ஒன்று. யாருக்கு எது என்று காளி கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளை அரளி வந்தால் ஊருணி, சிவப்பு வந்தால் மேடு. பூவை இலையில் மடித்துக் கட்டியது யார்? நாகலெட்சுமி. எடுத்த பிள்ளை யார்? அவள் பெற்ற தவசி. ஒரு பொட்டலத்தில் நூல் வால் நீளமாக விட்டிருந்தது. என் கண்ணால் பார்த்தேன். பிள்ளை நேராக அதில் கை வைத்தான், ஊருணி அவர்களுக்குப் போனது. என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனாலும் அதை நான் மறக்கவில்லை. அன்றோடு அவளிடம் பேச்சை விட்டேன்.
குண்டு மிளகாய்க்கு மேடுதான் நல்லது. வருசா வருசம் எனக்குத்தான் நன்றாகக் காய்க்கிறது. அது வேறு விசயம்.

24-6-2006
மதுரை ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயது, பொறுமைசாலி. நெஞ்சுக்குள்ளே இருப்பதைப் பெட்டியில் காட்டினார்.
"இருதயம் ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல சுருங்கணும்மா. உங்களுக்கு இடது பக்கம் பிந்திச் சுருங்குது. ரத்தம் சரியா வெளிய போகாம உள்ளயே அலையுது."
மாத்திரை மட்டும் போதாதாம். தோளுக்குக் கீழே தோலுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு மிசின் வைத்து, அதிலிருந்து மூன்று கம்பியை இருதயத்துக்குள் விடுவார்களாம். இரண்டு பக்கத்தையும் அது சேர்த்துத் தட்டுமாம்.
"தட்டுனா நல்லாயிருமா?" என்றேன்.
"சில பேருக்கு நல்லாக் கேக்குது. சில பேருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. உங்க மாதிரி ஆளுகளுக்கு எப்படின்னு இன்னும் தெளிவாத் தெரியலை. அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி. மூணு மாசம் மிசின் ஓடும், மூணு மாசம் சும்மா இருக்கும். எது முதல்லன்னு உங்களுக்கும் சொல்ல மாட்டோம், எனக்கும் தெரியாது."
"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"
"உறைக்குள்ள எழுதி ஒட்டியிருக்கும். மிசினை முடுக்குறவர் மட்டும் பிரிச்சுப் பார்ப்பார்."
அட, இதுவும் பூக்கட்டிப் பார்க்கிற மாதிரிதான்! உடனே கேட்டேன், "ஒட்டுனது யாரு?"
"மெட்ராஸ்ல ஒருத்தர். அவருக்கு உங்களை யாருன்னே தெரியாது."
"நாகலெட்சுமியத் தெரியுமா?"
பூமிநாதன் என் கையைக் கிள்ளினான். டாக்டர் தெரியாது என்றார். அப்ப சரி என்று கையெழுத்துப் போட்டேன். அஞ்சாங்கிளாஸ் படித்தது இதற்காவது உதவியது.
எப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் விலகிக்கொள்ளலாமாம். விலகினால் மிசினை ஓட விட்டுவிடுவார்களாம். அதை இரண்டு தடவை சொன்னார்.

2-7-2006
மகனோடு பேசி முடித்தாயிற்று. வரும் வெள்ளாமையில் நான் என் காலால் நடந்து போய் என் கையால் பழம் பறிக்க வேண்டும், பங்குனி முடிவதற்குள். பறித்தால் கொல்லை என் கையில் இருக்கும். இல்லாவிட்டால் தவசிக்கு. காளி மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவனும் என்னிடம் வாங்கிக்கொண்டான். என் பிள்ளை அல்லவா.

11-7-2006
வைத்துவிட்டார்கள். இடது கையைத் தூக்கக் கூடாதாம். தொட்டால் தோலுக்குக் கீழே கெட்டியாக இருக்கிறது.

7-8-2006
மிசினை முடுக்கினார்கள். அல்லது முடுக்கவில்லை.
நஃபீசா என்று ஒரு நர்ஸ், கீழக்கரைப் பிள்ளை. இந்த ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களைப் பார்த்துக்கொள்வது அவள்தான். வராந்தாவில் என்னை ஆறு நிமிசம் நடக்க விட்டு எவ்வளவு தூரம் என்று அளந்தாள். எத்தனை தலகாணி வைத்துப் படுக்கிறேன் என்று கேட்டாள். நாலு என்றேன். மிசின் ஓடுதா என்று அவளிடம் நைசாகக் கேட்டேன்.
"அல்லா மேல ஆணையாத் தெரியாது பாட்டி. தெரிஞ்சா என் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்னுதான் எனக்கும் சொல்லலை."

30-8-2006
பனங்கட்டை மாதிரி இருந்த கால் வற்றிவிட்டது. இரண்டு தலகாணி.

19-9-2006
கொல்லைக்குப் போய் வந்தேன். ஒரே இடத்தில்தான் நின்றேன், அதுவும் ஆட்டுக்காரனிடம் பேசுவதற்கு.
மிசின் ஓடுகிறதா, இல்லை என் உடம்புதானா? இது தெரியாமல் இருப்பு கொள்ளவில்லை. பேத்தி போனில், "ஓடுது அப்பத்தா, அதான் நடக்குறே" என்கிறாள். என் உடம்பைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? பேறுகாலம் முடிந்து பத்தாம் நாள் நாற்று நட்டவள் நான்.

26-9-2006
காளியிடமே கேட்டுவிட்டேன். வெள்ளை வந்தால் ஓடுகிறது, சிவப்பு வந்தால் ஓடவில்லை. பொட்டலத்தை நானே கட்டினேன், நூல் இரண்டிலும் ஒரே அளவு. கோயிலுக்கு வந்திருந்த ஒரு பெண்பிள்ளை எடுத்தது.
சிவப்பு.
நான் சொன்னேனே! எல்லாம் என் உடம்புதான். இனி அடுத்த மூன்று மாதம் மிசினும் சேர்ந்து ஓடினால் என்னை யார் பிடிக்க முடியும்?

5-10-2006
விதைத்தாயிற்று. நாகலெட்சுமிக்கு முன்னால்.

7-11-2006
மதுரை. நடந்த தூரத்தைப் பார்த்து நஃபீசாவுக்குச் சிரிப்பு. "பாட்டி, ஓடக் கூடாது, நடக்கணும்."
"ஓடலை தாயி. என் நடையே அப்படி."
உறையில் இருந்தபடி மிசினை மாற்றிவிட்டார்கள். இன்று முதல் ஓடுகிறது. எனக்கும் காளிக்கும் மட்டும் தெரியும்.

29-11-2006
களை எடுக்க ஆள் விட்டேன். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டேன். நல்ல மழை. ஊருணிக் கொல்லையில் தண்ணீர் நிற்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

11-12-2006
சளி பிடித்திருக்கிறது போல. இருமல்.

20-12-2006
செருப்பு வார் காலில் பதிகிறது.
சளி என்றால் கால் ஏன் வீங்க வேண்டும்?

2-1-2007
மூன்று தலகாணி வைத்தும் மூச்சு முட்டுகிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் கண்ணசர வேண்டியிருக்கிறது.
மிசின் ஓடும்போதே இப்படி என்றால் பிறகு என்னதான் வைத்தியம்? இருக்கிற வைத்தியம் எல்லாம் உள்ளேதானே இருக்கிறது. இதற்கு மேல் டாக்டர் என்ன செய்துவிடப் போகிறார்? சொன்னால் ஒன்றே ஒன்றுதான் நடக்கும். கொல்லை தவசிக்குப் போகும். நஃபீசா போன் பண்ணினாள். நல்லாயிருக்கேன் என்று சொல்லிவிட்டேன்.

14-1-2007
போகி. அடுப்பில் உலை வைக்கவே மலைப்பாக இருந்தது. பொங்கலுக்கு வா என்று பூமிநாதன் கூப்பிட்டான். கொல்லையில் வேலை கிடக்குது என்றேன். பழம் சிவந்திருக்கிறதாம். களைக்காரிகள் சொல்லித்தான் தெரியும், இன்னும் பார்க்கவில்லை. போவேன். நாளை இல்லாவிட்டால் அடுத்த நாள்.

3-2-2007
மதுரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். இன்றுதான் பேனா பிடிக்கக் கை வந்தது.
போன வாரம் ஒரு நாள் காலை கொல்லைக்குக் கிளம்பினேன். வரப்பு வரை போய்விட்டேன். பழம் அப்படிச் சிவந்து கிடந்தது. ஒரு செடி கூடத் தொடவில்லை, உட்கார்ந்துவிட்டேன், எழ முடியவில்லை. பக்கத்துக் கொல்லையில் இருந்து நாகலெட்சுமி, "ஏலே தவசி, ஓடியா! இங்கன ஒருத்தி சாகப் போறா!" என்று கத்தினாள். என் பேரைச் சொல்லவில்லை பாருங்கள்.
தூக்கியவன் தவசி. வேனில் என் தலை அவள் மடியில் இருந்தது. எனக்கு நினைவு இருந்தது. இல்லாத மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.
இங்கே ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். மூச்சு கொஞ்சம் வந்ததும் நஃபீசா வந்து வழக்கம்போலக் கேட்டாள்.
"எத்தனை தலகாணி பாட்டி?"
"ஒண்ணு."
வாசலில் நின்ற நாகலெட்சுமி நஃபீசாவைப் பார்த்துப் பேசினாள். "தலகாணியாவது! அவ படுத்தே மாசம் ஒண்ணாச்சு தாயி. செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டு விடிய விடிய இருமுறா. நடுச்செவுருக்கு அங்கிட்டு நான் கேட்டுக்கிட்டுத்தான கெடக்கேன்."
நானும் நஃபீசாவைத்தான் பார்த்தேன். "வெளியாளை எதுக்கு உள்ள விட்டீக?"
"வெளியாளாம்! இவ வீட்டுக்கு முதமுதல்ல அடுப்புக்கட்டி போட்டது யாருன்னு கேளு தாயி."
நஃபீசா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பாட்டி, நீங்க ஒண்ணுன்னா நான் ஒண்ணுன்னுதான் எழுதணும். இப்படி எல்லாரும் சொன்னா, மிசின் ஓடுனாலும் ஓடாட்டியும் ஒரே மாதிரிதான்னு முடிவு வந்துரும். நாளைக்கு எங்க உம்மாவுக்கு இதே நோவு வந்தா யாரும் வைக்க மாட்டாக."
அவள் உம்மாவை நான் பார்த்தது கூட இல்லை. கீழக்கரையில் எங்கேயோ சோறாக்கிக்கொண்டிருப்பாள்.
"உக்காந்துதான் தூங்குறேன்" என்றேன். இருமல், வீக்கம், போனில் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். நாகலெட்சுமி காதில் விழத்தான் சொல்ல வேண்டியதாகப் போய்விட்டது.

5-2-2007
டாக்டர் என் உறையை மட்டும் பிரிக்கச் சொல்லி இருக்கிறார். இப்படி ஆனால் பிரிக்கலாமாம்.
முதல் மூன்று மாதம்தான் ஓடியிருக்கிறது. கார்த்திகை, மார்கழி, தை எல்லாம் மிசின் சும்மா இருந்திருக்கிறது.
அப்போ புரட்டாசியில் நான் நடந்த நடை என் நடை இல்லையா?
டாக்டரிடம் காளி சொன்னதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்மா" என்றார். "ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டு நோவை மறைச்சிட்டீங்க."
காளியைக் குற்றம் சொல்ல மாட்டேன். மிசின் சங்கதி எல்லாம் அவளுக்கு என்ன தெரியும்? அவளிடம் போய்க் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.
மிசினை மறுபடி ஓட விட்டார்கள்.

12-2-2007
வீடு வந்தேன். முற்றத்தில் மிளகாய் காய்கிறது. என் மிளகாய். தவசி வீட்டு ஆட்கள் முதல் பறிப்பைப் பறித்துப் போட்டிருக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் கொல்லைக்குள் இறங்கியிருக்கிறார்கள். இதை மறக்க மாட்டேன்.
நன்றாகத்தான் காயப் போட்டிருக்கிறார்கள்.

13-2-2007
பூமிநாதன் குத்தகைப் பேச்சை எடுத்தான். பங்குனி முடியட்டும் என்றேன். "ஆத்தா, செத்துப் பொழச்சு வந்திருக்க" என்றான். சத்தியம் சத்தியம்தான் என்றேன். அவன் தெருவில் போய் நின்றுகொண்டான். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது.

27-2-2007
ஒரே தலகாணி. உண்மையாகவே ஒன்று.

8-3-2007
மதுரை. நடந்தேன். போன தடவை மாதிரி வேகம் காட்டவில்லை, வந்த நடையை நடந்தேன். நஃபீசா அளந்து எழுதினாள். என்னோடு மிசின் வைத்த மனிதர் ஒருவர், திருப்பாலைக்குடிக்காரர், பக்கத்து பெஞ்சில் இருந்தார். அவருக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே மாதிரிதானாம். அதையும் நஃபீசா எழுதிக்கொண்டாள். கொண்டு போன கடலை மிட்டாயை அவருக்குக் கொடுத்தேன்.

24-3-2007
பங்குனி பத்து. வெயில் ஏறும் முன் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னாலேயே வந்த பூமிநாதனை வீட்டில் இருக்கச் சொன்னேன். தூரத்தில் வந்தான், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.
கீழ்க்கோடியில் இருந்து பறிக்கத் தொடங்கினேன். கடைசிப் பறிப்பு, பழம் சின்னதுதான், காரம் அதிகம். நிரை முடிந்து நிமிர்ந்தால் வரப்புக்கு அந்தப் பக்கம் நாகலெட்சுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். நடுவில் வைத்துப் பேச அங்கே ஒரு ஆளும் இல்லை.
"ஏய் சோலை, காயப் போயிப் பறிக்கிறியே, கண்ணு அவிஞ்சு போச்சா?"
"என் கொல்லை. காயப் பறிப்பேன், செடியோட புடுங்குவேன். உனக்கென்ன?"
சொன்ன பிறகுதான் உறைத்தது, அவளிடம் பேசிவிட்டேன் என்று. விட்ட வார்த்தையைத் திரும்ப வாங்கவும் வழியில்லை. அவளும் விடவில்லை. என் கூடையைப் பிடுங்கிக் காயைத் தனியே பொறுக்கினாள். நான் அரளிப்பூவில் ஆரம்பித்தேன். அவள் தவசியின் கல்யாணத்துக்கு நான் வராததில் ஆரம்பித்தாள். கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஊருக்குள் வரும் வரை சண்டை. பூமிநாதன் பின்னால் வந்துகொண்டே இருந்தான். ஒரு இடத்திலும் நான் உட்காரவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை.