எந்தக் கை என்று கேட்ட படிவம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். வலது முழங்கை ஒன்றைத் தவிர மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மருமகளும் சௌக்கியமா என்று போனில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இருந்தாலும் எழுதிக் கேட்டால்தான் எனக்குக் கேட்ட திருப்தி. மருமகளுக்கு இருமல் நின்றதா? அந்தக் குளிரில் ஈரத்தலையோடு வேலைக்கு ஓடவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல், நீ சொன்னால் கேட்கமாட்டாள். இங்கே மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் நாற்காலியை இழுக்கிற சத்தத்துக்காக எத்தனை முறை படியேறிப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். இப்போது தலைக்கு மேலே ஒரு சத்தமும் இல்லை, அதுவும் பிடிக்கவில்லை. போன வாரம் கை மறதியாக இரண்டு டம்ளர் டீ போட்டுவிட்டேன். உன் அப்பா போய் ஆறு வருஷம் ஆன பிறகு இது என்ன மறதியோ. இரண்டையும் நானே குடித்தேன்.

நான் பேனாவை எடுக்கக் காரணம் போட்டியில் சுடுகிற அந்தக் காற்றுப் பிஸ்டல்தான். உன்னுடைய பழைய பிஸ்டல் ஒவ்வொரு குண்டுக்கும் பக்கவாட்டில் இருக்கும் நெம்புகம்பியை முழுக்கத் திறந்து, அழுத்தி மூடிக் காற்றை அடைத்தால்தான் சுடும் என்பது உனக்குத் தெரியாததா. ஒரு ஆட்டத்துக்கு அறுபது குண்டு, அதற்குமுன் பழகிக்கொள்ள ஒரு முப்பது. சுடுவது இடது கை, கம்பியோடு மல்லுக்கட்டுவது வலது கை. பேர் ஒருத்திக்கு, பாடு இன்னொருத்திக்கு. வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் வேலை பார்த்த அதே எக்ஸ்ரே அறை, அதே மேஜை. புதிதாக வந்திருக்கும் பெண் என் கையை நேராக வைத்துவிட்டு மூச்சை அடக்குங்கம்மா என்றாள். முழங்கைப் படத்துக்கு எதற்கடி மூச்சை அடக்குவது என்று கேட்டேன், வாய்ப்பழக்கம் என்று சிரித்தாள். முப்பது வருஷம் ஊரையே மூச்சடக்க வைத்தவளிடம் வந்து சொல்கிறாள் பார். கையை நீட்டிப் பிடிப்பதால் ஒன்றுமில்லை, பலங்கொண்டு இழுப்பதுதான் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துப்பாக்கி சுடும் கிளப்பில் பிஸ்டல் பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். எல்லோரும் ஸ்க்ரூ என்று கூப்பிடுவார்களே, அவர்தான். உள்ளே காற்று கசிகிறது, இந்த மாடலுக்கு வாஷர் செய்வதையே நிறுத்திவிட்டார்கள், காற்றை அடைத்த சிலிண்டர் வைத்த புது மாடல் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அதை உன்னிடம் சொன்னது என் தப்பு. மறுநாளே நீ அங்கே ஒரு கடையில் சொல்லிவைத்து, கைப்பிடிக்கு அளவு கேட்கும் படிவத்தையும் அனுப்பிவிட்டாய்.

தெருமுனைக் கடையில் அதைப் பிரிண்ட் எடுத்தேன். என் வயது, உயரம், கண்ணாடி பவர் வரைக்கும் நீயே நிரப்பியிருந்தாய். கையின் அச்சை மட்டும் தாளில் வரைந்து, கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பினால் போதும், போட்டோவில் அளவு மாறிவிடும் என்று எழுதியிருந்தாய். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தேன். சுடும் கை எது என்ற இடத்தில் இடது என்பதற்கு நேராக டிக் போட்டிருந்தாய். அந்த டிக்கைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் கடை வாசலிலேயே நின்றேன் என்று தெரியவில்லை, கடைக்காரர் வந்து தாள் சரியாக வரவில்லையா அம்மா என்று கேட்டார்.

தம்பி, இடது கைக்காரன் நீ. நான் இல்லை. உனக்குச் சோறு ஊட்டியதும், நோட்டுக்கு அட்டை போட்டதும், கணக்கில் முட்டை வாங்கிய அன்று முதுகில் ஒன்று வைத்ததும் வலது கைதான். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள், இங்கே பெற்ற பிள்ளைக்கே தெரியாமல் போய்விட்டது. அன்றைக்கு முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். நீ இரண்டு முறை போன் செய்தும் எடுக்கவில்லை, மார்க்கெட்டில் இருந்தேன் என்று பிறகு சொன்னது பொய். யோசித்துப் பார்த்தால் முதல் தப்பு என்னுடையது. நீ கிளம்பிப் போன மாதம், உன் பெட்டியைக் காலி செய்யச் சொல்லிக் கிளப்பிலிருந்து கூப்பிட்டார்கள். நீ சுட்டுப் பழகிய ஏழு வருஷமும் உனக்காகக் காத்துக்கொண்டு அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேனே தவிர, பிஸ்டலைத் தொட்டதில்லை. அன்றைக்குத்தான் எடுத்துப் பார்த்தேன். வலது கையில் அது உட்காரவில்லை, மரப்பிடி உன் இடது கைக்கென்று செதுக்கியது, என்னை வேண்டாம் என்றது. இடது கையில் எடுத்தேன், உட்கார்ந்தது. கொஞ்சம் லொடலொடவென்று இருந்தது, அவ்வளவுதான். உன் விரல் பதிந்த பள்ளங்களில் என் விரல் போய் உட்கார்ந்தது. இடைவெளிக்கு மரப்பசையைக் குழைத்து அப்பிக்கொண்டு அன்று சுட ஆரம்பித்தவள்தான், பதிமூன்று வருஷம் ஆகிறது. எனக்குச் சுடத் தெரியவேண்டும் என்று ஆசையெல்லாம் இல்லை. அந்தப் பிடியை விட மனசு வரவில்லை. நீ போனில், அம்மாவும் இடது கையா, அதுதான் எனக்கு வந்திருக்கிறது என்று சிரித்தாய். அப்போதே திருத்தியிருக்கலாம். நீ சந்தோஷமாகச் சொன்னதால் விட்டுவிட்டேன்.

படிவத்தைக் கிளப்புக்கு எடுத்துப் போய், ஸ்க்ரூவின் மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். வலது கையால் போடுவதை அவர் கண்கொட்டாமல் பார்த்தார். பதிமூணு வருஷமா எங்களையெல்லாம் ஏமாத்திட்டீங்களேம்மா என்றார். ஆனாலும் மனுஷர் நியாயமாகத்தான் யோசனை சொன்னார். இடது கைக்கே வாங்கினால் இந்த வருஷம் பெரியவர்கள் போட்டியில் முதலிடம் நிச்சயம், வலது கைக்கு மாறினால் அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டும், அறுபத்தோரு வயதில் அது தேவையா என்று கேட்டார். வருஷா வருஷம் இரண்டாவதாக வருகிறவளுக்கு ஆசை இருக்காதா. இருந்தாலும் அவருடைய புது பிஸ்டலை வலது கையில் வாங்கிப் பத்து குண்டு சுட்டுப் பார்த்தேன். கம்பி இல்லை, மல்லுக்கட்டு இல்லை. மூன்று குண்டு கருப்பு வட்டத்துக்கே வெளியே போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. வலது கையில் பிடித்திருந்தபோது சுடுவதற்கு நிற்கும் அந்தத் தடுப்புக்குள் நான் மட்டும்தான் நின்றிருந்தேன். இத்தனை வருஷமும் அப்படி இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து அழுதேன், இதை ஏன் மறைக்கவேண்டும்.

நான்கு நாள் யோசித்து முடிவு செய்துவிட்டேன். உன் டிக்கை அடித்து, வலது என்று போட்டிருக்கிறேன். உன் கைக்குள் என் கையை ஒளித்து வைத்திருந்தால் பக்கத்திலேயே இருக்கிற மாதிரி இருந்தது, ஆனால் அதில் அம்மாவின் கை எது என்று உனக்கே மறந்துபோயிற்று. அது வேண்டாம். முதலிடம் வராவிட்டால் போகிறது, கடைசி இடத்தையும் யாராவது எடுக்கத்தானே வேண்டும். பழைய பிஸ்டலை மாற்றுக்குக் கொடுக்கவில்லை. கிளப்பிலேயே விட்டுவிட்டேன், உதிரிக்கு ஆகும் என்றார் ஸ்க்ரூ. பிடியை மட்டும் கழற்றிக்கொண்டேன், ஒரே ஒரு திருகாணிதான். பசையைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆனது. அடியில் மரம் கருத்து, உன் உள்ளங்கை இருந்த இடம் அப்படியே இருக்கிறது. நான் எழுதும் இந்தத் தாள் காற்றில் பறக்காமல் அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன்.

என் கையை வரைந்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். வலது கையை வரைய இடது கையில்தான் பென்சிலைப் பிடிக்கவேண்டியிருந்தது. கோடு கொஞ்சமும் ஆடவில்லை, பார்த்துக்கொள். அங்கே பிஸ்டல் கடைக்காரரிடம் கொடுக்கும் முன்னால் நீ ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுக் கொடு.

இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம் ஒத்து, நிறைவாக இருக்கவேண்டும். வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. இன்னொன்று, மறந்துவிடாதே. உன் இடது கையை ஒரு தாளில் வைத்து வரைந்து எனக்கு அனுப்பு. அளவு எடுப்பதற்காக இல்லை. வரைந்து முடித்ததும் உடனே எடுத்துவிடாமல், கையைக் கொஞ்ச நேரம் தாளிலேயே வைத்திரு.

இப்படிக்கு,
இதை வலது கையால் எழுதிய
உன் அம்மா