மஞ்சுவின் கண்ணாடி

குன்னம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பெனிலா எழுதுகிறேன். நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

எங்கள் டிரஸ்ட் சார்பில் பள்ளியில் கண் பரிசோதனை செய்து, நாலாம் வகுப்பு மஞ்சுவுக்குக் கண்ணாடி கொடுத்தோம். அன்றுதான் கரும்பலகையை முழுசாக வாசித்தாள். மறுவாரம் அவள் வரவில்லை. தேடிப் போனேன். வெங்காயக் காட்டில் அம்மாவோடு உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள்.

“வெங்காயம் முடியட்டுங்க டீச்சர், அனுப்பிடறேன்” என்றார் அவள் அம்மா. போன வருஷமும் இதையேதான் சொன்னார்.

மஞ்சு சிரித்தாள். “கண்ணாடி போட்டா கண்ணு எரியலைங்க டீச்சர்.”

கூட உட்கார்ந்து ஒரு கூடை அறுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் தங்கியிருக்கும் அறையில் பேச்சுச் சத்தமே இல்லை அப்பா. நம் பழைய ரேடியோவைப் பார்சலில் அனுப்ப முடியுமா? பஸ் வருகிறது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
பெனிலா