பாலாற்றங்கரை மண்டபத்தின் முழு உருவம்

மாசி 9, திங்கள்

காலையிலேயே வெயில். ஆற்றில் வெறும் மணல். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம் சட்டையில் ஏறிவிட்டது.

கரை மண்டபத்தை அளக்கத் தொடங்கினேன். தூண் உயரம் 9 அடி 4 அங். பாதிக் கூரை சரிந்து கிடக்கிறது. கட்டிய நாளில் எப்படி இருந்திருக்குமோ அப்படியே முழுதாகப் படம் எழுதித் தரவேண்டும், எங்கள் புராதனக் கட்டிட இலாகா துரையின் உத்தரவு.

மிச்சமுள்ள கூரையடியில் ஒரு குடும்பம். சின்னப்பன், ஷாப்பில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழி வேலை. மனைவி முனியம்மா, நிறைமாதம். அடுப்புப் புகையில் தூண் சிற்பமெல்லாம் கரி.

"இன்னாத்துக்கு சாமி அளக்குறீங்க? எங்கள எழுப்பிடுவாங்களா?"

"படம் போடத்தாம்மா. வேற ஒண்ணுமில்ல."

நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மாசி 11, புதன்

என்னோடு வந்த பியூனுக்கு ஜுரம். அளவு நாடாவின் மறுமுனையை முனியம்மாவே பிடித்தாள், உட்கார்ந்தபடி. வேண்டாமென்றாலும் கேட்கவில்லை. மணலுக்குள் உடைந்த கல் ஒன்று, கூரை விளிம்பின் வளைவோடு. மேல் பாகம் எப்படி இருந்தது என்று ஊகிக்க இனி வேலையில்லை. பெரிய சந்தோஷம். சாப்பாடு மறந்தது.

மாசி 14, சனி

படம் முடிந்தது. தூண்கள் நிமிர்ந்து, கூரை சேர்ந்து, படிகள் ஆறு வரைக்கும். அடுப்பு இல்லை. கரி இல்லை. கொடியில் துணி இல்லை. என் கை எழுதியதா என்று எனக்கே ஆச்சரியம்.

மாசி 16, திங்கள்

துரை வந்தார், படம் பார்க்க ஊரும் கூடியது. படத்தை வெகுநேரம் பார்த்தார், பிறகு மண்டபத்தை. இப்படியே திரும்ப நிறுத்திவிடலாம், இருப்பவர்களைக் காலி செய்யுங்கள் என்றார். நிறைமாதம் என்று சொன்னேன். சரி, பிரசவம் ஆன பிறகு என்றார். நல்ல மனுஷர். மத்தியான ரயிலில் போய்விட்டார்.

கிராம முனிசீப் காத்திருக்கவில்லை. சாயங்காலமே சட்டிபானை வெளியே.

"துரை சொன்னது உங்க காதுல விழலியா?"

"கோயில் மண்டபம் சார். அவங்க ஏறினதே தப்பு. உங்க படத்தப் பாத்தப்புறம்தான் ஊருக்கே அது தெரிஞ்சுது."

சின்னப்பன் பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். ஷாப்பு முதலாளி சாயபுவிடம் ஓடினேன். "ஆவாரம்பட்டை போடுற கொட்டகைல இருக்கட்டும். இதுக்கு ஒரு பர்மிஷனா?" என்றார்.

மாசி 19, வியாழன்

மழை. இந்த மாதத்தில் மழை! கொட்டகை ஒழுகல்.

ஆண் குழந்தை. அழவே இல்லை.

மருத்துவச்சி: "எங்க இருந்தாலும் இதான் ஆயிருக்கும்." இருக்கலாம்.

சின்னப்பனோடு ஆற்றங்கரைக்குப் போனேன். குழியை அவனே தோண்டினான். நான் குடை பிடித்தேன்.

மாசி 23, திங்கள்

படத்தைப் பார்க்கவேண்டும் என்றாள் முனியம்மா. கொட்டகை வாசலில் விரித்துப் பிடித்தேன். விரல் படாமல் ஒரு மூலையைக் காட்டினாள்.

"இங்கதான் படுத்துனு இருந்தோம்."

படம் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு, "இம்மாம் பெரிய எடம். ஒருத்தர்கூட இல்லியா, சாமி?"

படத்தைச் சுருட்டிவிட்டேன்.

மாசி 26, வியாழன்

காவேரிப்பாக்கம். ஏரிக் காற்று பலம். கரைக்குக் கீழே பாழ்மண்டபம், அடுத்த வேலை இது. வண்டியை விட்டு இறங்கியதும் தலையாரியிடம் கேட்டேன், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று.

"ரெண்டு குடும்பம் சார். மழைக்கு ஒதுங்கினவங்க, அப்படியே இருந்துட்டாங்க."

வரைபெட்டியை இறக்கவேண்டாம் என்று வண்டிக்காரனிடம் சொன்னேன்.