கடை அடைத்ததும் அணையும் சர்வர்

செவ்வாய், இரவு.

படகுக்காரர்களுக்குக் காற்றும் அலையும் சொல்லும் எங்கள் திறந்த மூல மென்பொருளுக்கு, தானமாக சர்வரில் இடம் கேட்டு ஊரெல்லாம் எழுதினேன். கண்ணாடிக் கட்டட நிறுவனங்கள் எங்கள் தொண்டுள்ளத்தைப் பாராட்டின. இடம் கொடுத்தவர் கொருக்குப்பேட்டை காகித மொத்த வியாபாரி அண்ணாச்சி மட்டும்தான். மென்பொருளின் முகப்பில் தன் கடைப் பெயர் பெரிதாக வர வேண்டும் என்றார். போட்டோம். போன வாரம் அவருடைய கடை சர்வரில் ஏற்றினோம்.

இன்று காலை காசிமேட்டிலிருந்து படகுக்காரர் சிலுவை போன் செய்தார். "இன்னா மாமு, உன்னுது ராத்திரியானா செத்துப் பூடுது. பாக்காமயே போனேன். அலை தூக்கி அட்ச்சு வலை பூட்ச்சு. ஆளு தப்பிச்சதே பெருசு."

மாலையில் கடைக்குப் போனேன். அண்ணாச்சி சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு மெயின் சுவிட்சை இறக்கிக்கொண்டிருந்தார்.

"சர்வரும் அணைஞ்சிடுமே அண்ணாச்சி."

"பேப்பர் அடுக்கி வச்சிருக்க கிட்டங்கில்லா தம்பி. கரண்ட விட்டுட்டுக் கடை அடைக்க முடியுமா? ராத்திரி எவன் பாக்கப் போறான்?"

"கடலுக்குப் போறவங்க."

"சாயங்காலமே பாத்து வச்சிக்கிடச் சொல்லுங்க."

காற்றுக்கும் கடை நேரத்தைத் தெரிவித்துவிடலாம். காகிதம் பற்றிக்கொள்ளும் என்பதும் உண்மைதான். வேறு யாரும் இடம் தரவில்லை என்பது அதைவிட உண்மை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

விடியுமுன் சிலுவை கிளம்புவார். அதற்குள் எழுந்து வானிலைத் துறைத் தளத்தில் காற்றைப் பார்த்துப் போனில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். மற்ற படகுகளுக்கு அவர் சொல்லிவிடுவார். அலாரம் வைத்தாயிற்று. இப்போதைக்கு சர்வர் நான்தான். நானும் அணைந்துவிடாமல் இருக்க வேண்டும்.